ஸ்லோ குக்கர் க்ரீமி சிக்கன் டம்ப்ளிங் சூப்: பால் திரியுது, டம்ப்ளிங் உள்ள பச்சை மாவு, எங்க சொதப்புறேன்?

பசியோட வர்றவன்:

ஸ்லோ குக்கர் வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. மத்ததெல்லாம் ஓரளவு வருது, இந்த க்ரீமி சிக்கன் டம்ப்ளிங் சூப் மட்டும் மூணு தடவை பண்ணி மூணு தடவையும் ஊத்திக்கிச்சு. நேத்து என்ன பண்ணேன்னு அப்படியே சொல்றேன், தெரிஞ்சவங்க பாத்து சொல்லுங்க.

காலைல ஏழு மணிக்கு எலும்பில்லாத ப்ரெஸ்ட் பீஸ் நாலு போட்டு, அதுக்கு மேல உருளைக்கிழங்கு, கேரட், செலரி, வெங்காயம் எல்லாம் வெட்டிப் போட்டு, மூணு கப் ஸ்டாக் (சிக்கன் வேகவச்ச சாறு), ரெண்டு கப் பால் ஊத்தி, உப்பு, மிளகு, தைம்னு ஒரு வாசனை இலை சேத்து லோ-ல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து திறந்தா வாசனை ஆளைத் தூக்குது. கரண்டியை விட்டுக் கலக்குனா வெள்ளையா பொடிப்பொடியா மிதக்குது, தண்ணி தனியா நிக்குது. சிக்கன் வாயில போட்டா பஞ்சு. ஆனா கேரட் மட்டும் நறுக்குனு இருக்கு, பத்து மணி நேரம் கழிச்சும் அது எப்படிங்க?

சரி போகட்டும்னு டம்ப்ளிங் மாவு கலந்தேன். மைதா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், பால். கட்டி தட்டக் கூடாதுன்னு நல்லா அடிச்சுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு உள்ள போட்டு, லோ-லயே அரை மணி நேரம். உப்புதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பாத்துட்டே இருந்தேன். பாதி அடியில போய் ஒட்டிக்கிச்சு. மிதந்ததுல ஒண்ணை எடுத்துப் பிட்டுப் பாத்தா வெளிய கோந்து, உள்ள மாவு. பசங்க ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில வச்சுட்டு ப்ரெட் எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இது ஸ்லோ குக்கருக்கு ஒத்து வராத ஐட்டமா, இல்ல என் கைராசியா?

சட்டியும் கரண்டியும்:

கைராசி எல்லாம் இல்லைங்க. காலைலயே எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுனதுதான் வினை. இந்த சூப்புல ஸ்லோ குக்கர் பாக்க வேண்டிய வேலை சிக்கனும் காயும் மட்டும்தான். க்ரீம், டம்ப்ளிங் ரெண்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு உள்ள வர்ற விருந்தாளிங்க, அவங்களைக் காலைலயே கூப்ட்டு உக்கார வச்சா இப்படித்தான் ஆகும்.

பால் ஏன் திரியுதுன்னா, அதுல இருக்கற புரதம் மணிக்கணக்கா சூட்டுல கிடந்தா கட்டிகட்டியா சேர ஆரம்பிச்சுடும், காயில இருந்து இறங்குற லேசான புளிப்பும் உப்பும் அதுக்குத் துணை போகும். பால்ல கொழுப்பு கம்மி, புரதம் அதிகம், அதனால சீக்கிரம் திரியும். திக்கான க்ரீம், அதாவது கொழுப்பு 35 சதவீதம் பக்கம் இருக்கறது, கொதிக்கிற சூப்புலயும் தாக்குப் பிடிக்கும். பாலை விட்டுட்டு க்ரீமுக்கு மாறுங்க, அதையும் கடைசில ஊத்துங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சூட்டோட, ச்சீ, குளிரோட அப்படியே ஊத்தாம ஒரு கிண்ணத்துல க்ரீமை விட்டு, சூடான சூப்பை ஒரு கரண்டி எடுத்து அதுல கலந்து வெதுவெதுப்பாக்கி அப்புறம் உள்ள ஊத்தணும்.

இன்னொரு விஷயம் மாவுச்சத்து. சூப்புல ஏற்கனவே கொஞ்சம் மைதாவோ சோளமாவோ இருந்தா பால் புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அது நடுவுல புகுந்துக்கும். நான் பண்றது இப்படி: வாணலில மூணு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு வெங்காயம் செலரியை வதக்கி, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பூண்டு, அது மேல மூணு டேபிள்ஸ்பூன் மைதா தூவி ஒரு நிமிஷம் கிளறி, ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கரைச்சு, அதை அப்படியே குக்கர்ல ஊத்திடுவேன். பத்து நிமிஷ வேலை. பச்சை வெங்காயத்தை நேரா ஸ்லோ குக்கர்ல போட்டா வேகும், ஆனா ஒரு மாதிரி புழுங்கின வாசனைதான் வரும், வதக்கின ருசி வரவே வராது.

சோளமாவு போடறவங்க அதைக் காலைல போடாதீங்க, மணிக்கணக்கா வெந்தா அதோட பிடிப்பு விட்டுப் போய் மறுபடி தண்ணியாயிடும். குளிர்ந்த தண்ணில கரைச்சு கடைசி அரை மணி நேரத்துல ஊத்தணும்.

கேரட் கதை ரொம்ப சுலபம். ஸ்லோ குக்கர்ல கறியை விட கேரட்டும் உருளையும்தான் லேட்டா வேகும். சூடு அடியிலயும் பக்கவாட்டுலயும் இருந்துதான் வருது, நீங்க மேல போட்டுட்டீங்க. சின்னதா வெட்டி அடியில பரப்பி அதுக்கு மேல சிக்கன் வைங்க, ஸ்டாக்குல முங்கியே இருக்கணும்.

அப்புறம் ப்ரெஸ்ட் பீஸ். பத்து மணி நேரத்துக்கு அது பாவம். தொடைக்கறிக்கு மாறுங்க, அதுல இருக்கற இணைப்புத் திசு மெதுவா கரைஞ்சு ஜெலட்டின் ஆகும், அதனாலதான் ஆறு ஏழு மணி நேரம் போனாலும் ஈரமா மெத்துன்னு இருக்கும், சூப்புக்கும் ஒரு வழவழப்பு குடுக்கும். ப்ரெஸ்ட்தான் வேணும்னு அடம் பிடிச்சா லோ-ல மூணுல இருந்து நாலு மணி நேரம், அதுக்கு மேல வேணாம்.

மாவுக்கை:

மேல சொன்னது எல்லாம் சரி, டம்ப்ளிங் பத்தி நான் சொல்றேன், நான் இதுல நெறைய மாவு வீணாக்கினவ.

நீங்க பண்ண முதல் தப்பு பிசைஞ்சது. இது பிசையுற மாவே இல்லைங்க, சும்மா கலக்குற மாவு. மைதால ஈரம் பட்டு அழுத்திப் பிசையப் பிசைய பசைத்தன்மை கூடும், அது கூடுனா டம்ப்ளிங் ரப்பர். ஒன்றரை கப் மைதா, ரெண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. இதுல மூணு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு விரல் நுனியால உதிர்த்து விடுங்க, பட்டாணி சைஸ்ல அங்கங்க வெண்ணெய் தெரியணும். அப்புறம் முக்கால் கப்புக்குக் கொஞ்சம் கம்மியா பால் விட்டு ஃபோர்க்கால பத்துப் பன்னெண்டு சுத்து, அவ்ளோதான், கையை எடுத்துடுங்க. பாக்க அசிங்கமா கட்டியும் முட்டியுமா இருக்கும், ஃபோர்க்குல அப்பிக்கிட்டு தொங்கும், ஐயோ இது சரியா வராதுன்னு தோணும். அப்படித் தோணுச்சுன்னா சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.

உருட்டவும் வேணாம். ஸ்பூன்ல அள்ளி அப்படியே சூப்பு மேல வைங்க, நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் பெருசா. வெந்ததும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், அதனால நடுவுல இடம் விடணும். சிக்கன் துண்டு மேலயோ காய் மேலயோ உக்கார வச்சா அடிக்கு முங்காது.

ரெண்டாவது தப்பு லோ. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் கொஞ்சம் பொங்கும், நல்ல சூடு பட்டதும் மிச்சம் பொங்கும். சூப்பு வெறுமனே சூடா இருந்தா பத்தாது, ஓரத்துல புளுக் புளுக்குனு குமிழி வரணும், அந்த நேரத்துல மாவு விழுந்தா உடனே மேல் தோல் இறுகி மிதக்கும். அரை வேக்காட்டு சூட்டுல விழுந்தா மாவு கரையும், கரைஞ்சு அடியில போய் உக்காரும், நீங்க பாத்த கோந்து அதுதான்.

மூணாவது, மூடி! டம்ப்ளிங்கோட அடிப்பக்கம் சூப்புல வேகுது, மேல்பக்கம் ஆவில வேகுது. நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தா ஆவி எல்லாம் உங்க மூஞ்சிக்குத்தான் போகும். ஸ்லோ குக்கர்ல ஒரு தடவை மூடியைத் தூக்கினா இழந்த சூட்டை மறுபடி பிடிக்கவே இருபது முப்பது நிமிஷம் ஆகும்னு சொல்வாங்க, நீங்க ஆறு தடவை தூக்கியிருக்கீங்க, அப்ப அது வேகவே ஆரம்பிக்கலைன்னுதான் நான் சொல்வேன். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலை, உங்களுக்கு ஆக்கவே பொறுக்கலை 😄

ஹை-ல வச்சு மூடி, முப்பத்தஞ்சு நிமிஷம் அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுல பல்குச்சி குத்திப் பாருங்க, ஈரமா ஒட்டாம வரணும், இல்லைன்னா இன்னும் பத்து நிமிஷம். மூடிக்கு அடியில சுத்தமான காட்டன் துணி ஒண்ணை இழுத்துக் கட்டிட்டா மேல சேர்ற தண்ணி டம்ப்ளிங் மேல சொட்டாது, துணி முனையை மட்டும் மூடிக்கு மேல மடிச்சு விட்டுடுங்க, சூடான பக்கவாட்டுல படக்கூடாது.

ரெண்டே கரண்டி:

எல்லாரும் சுத்தி வளைக்கறீங்க. சிக்கனை ஸ்லோ குக்கர்ல பண்ணுங்க, டம்ப்ளிங் போடறப்ப சூப்பை அகலமான பாத்திரத்துல மாத்தி கேஸ் அடுப்புல வைங்க, மிதமான கொதியில மூடி போட்டு பதினஞ்சு நிமிஷம், முடிஞ்சது. பல ஸ்லோ குக்கர்ல ஹை-னு போட்டாலும் சரியான கொதி வர்றதுக்குள்ள விடிஞ்சுடும்.

மாவுக்கை:

@ரெண்டே கரண்டி, அப்ப கழுவ ஒரு பாத்திரம் எக்ஸ்ட்ரா. ஸ்லோ குக்கர் வாங்குனதே அதுக்குத்தானே. ஆனா பழைய குக்கர், சூடு ஏறாத குக்கர்னா நீங்க சொல்றதுதான் சரி, ஒத்துக்கறேன்.

சளி பிடிச்ச சமையல்காரி:

ஒரு சேஃப்டி விஷயம் யாரும் சொல்லலை. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கல்லு மாதிரி சிக்கனை நேரா ஸ்லோ குக்கர்ல போடாதீங்க. மெதுவா சூடாகிற பாத்திரம் இது, 4 டிகிரில இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கற இடம்தான் கிருமி குஷியா பெருகுற இடம், உறைஞ்ச கறி அதுலயே ரொம்ப நேரம் கிடக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல இறக்கி வச்சுடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா கறியோட நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் காட்டணும்.

வார்ம் மோடு சமைக்க இல்லை, வெந்ததை சூடா வச்சிருக்க மட்டும்தான். பாத்திரத்துல பாதிக்கு மேல, மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் இருக்கற மாதிரி போடுங்க, டம்ப்ளிங் உப்புறதுக்கு மேல இடம் வேணும்ல. தண்ணியும் இதுல சுண்டாது, அடுப்புல பண்ற அளவு ஊத்தினா கடைசில சூப்பு நீச்சல் குளம்.

பசியோட வர்றவன்:

ஆஹா, இவ்ளோ இருக்கா இதுல. எல்லாருக்கும் நன்றி. மாவுக்கை அக்கா, மூடி மேட்டர்ல என்னை கரெக்டா பிடிச்சுட்டீங்க.

ஆனா ஒரு பிரச்சனை. நான் வீட்டை விட்டுக் கிளம்புறது ஏழு, திரும்புறது அஞ்சு. பத்து மணி நேரம் ஆகுது. தொடைக்கறியே போட்டாலும் பத்து மணி நேரம் தாங்குமா? டைமர் பிளக் ஒண்ணு மாட்டி பதினோரு மணிக்கு ஆன் ஆகுற மாதிரி வைக்கலாமான்னு யோசிச்சேன். பசங்க ஆறரைக்கு சாப்ட்டாகணும், இல்லைன்னா வீடு ரெண்டாகிடும்.

சளி பிடிச்ச சமையல்காரி:

டைமர் வேணாம் தம்பி!! பச்சைக் கறி நாலு மணி நேரம் சூடில்லாத பாத்திரத்துல கிடக்கறது நான் மேல சொன்ன அதே ஆபத்துதான், வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. சமைச்சு முடிச்சதும் தானா வார்ம்-க்கு மாறுற மாடலா உங்களது? அப்படின்னா லோ ஆறு மணி நேரம்னு செட் பண்ணிட்டுப் போங்க, ஒரு மணிக்கு வெந்துடும், அஞ்சு மணி வரைக்கும் வார்ம்-ல இருக்கும். தொடைக்கறிக்கு ஒண்ணும் ஆகாது.

சட்டியும் கரண்டியும்:

ஆமா, அப்படியே பண்ணுங்க. தானா மாறாத மாடல்னா எலும்போட தொடை போடுங்க, எட்டு மணி நேரம் தாண்டுனாலும் பொறுத்துக்கும், உதிரும் ஆனா காயாது. தோலை மட்டும் உரிச்சுடுங்க, இல்லைன்னா மேல எண்ணெய் மிதக்கும்.

சாயங்கால வேலையை இப்படி வச்சுக்கோங்க. அஞ்சு மணிக்கு உள்ள நுழைஞ்சதும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி குக்கரை ஹை-க்கு திருப்புங்க. சிக்கனை வெளிய எடுத்து ரெண்டு ஃபோர்க்கால பிச்சு, எலும்பு இருந்தா எடுத்துட்டு, பிரியாணி இலை போட்டிருந்தா அதையும் தூக்கிப் போட்டுட்டு, க்ரீமை முக்கால் கப் சொன்ன மாதிரி வெதுவெதுப்பாக்கி ஊத்தி, சிக்கனைத் திரும்பப் போட்டு மூடிடுங்க. அது குமிழி விடறதுக்குள்ள நீங்க குளிச்சுட்டு வந்து டம்ப்ளிங் மாவு கலக்கலாம். மாவை முன்னாடியே கலந்து வைக்காதீங்க, பேக்கிங் பவுடர் கிண்ணத்துலயே தன் வேலையைக் காட்டிட்டு ஓஞ்சு போயிடும். வேணும்னா மைதா வெண்ணெய் உதிர்த்ததை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம், பால் மட்டும் கடைசில. அஞ்சேமுக்காலுக்குள்ள டம்ப்ளிங் விழுந்தா ஆறரைக்குத் தட்டு. அஞ்சேமுக்காலுக்கும் குமிழி வரலைன்னா ரெண்டே கரண்டி சொன்ன மாதிரி அடுப்புக்கு மாத்திடுங்க, வீம்பு பிடிக்காதீங்க.

அளவு கேட்டா, 4 லிட்டர் குக்கருக்கு எலும்பில்லாத தொடைக்கறி முக்கால் கிலோ, ஸ்டாக் ஒரு லிட்டர், கேரட் ரெண்டு, செலரி ரெண்டு தண்டு, பெரிய வெங்காயம் ஒண்ணு, பூண்டு நாலு பல்லு, காஞ்ச தைம் ஒரு டீஸ்பூன். உருளை வேணாம், டம்ப்ளிங்கே போதும் வயித்துக்கு. பச்சைப் பட்டாணி பிடிக்கும்னா டம்ப்ளிங் போடறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி போடுங்க, காலைல போட்டா நிறம் செத்துடும்.

ரெண்டே கரண்டி:

டின்ல திக்கா வர்ற கண்டென்ஸ்டு க்ரீம் சிக்கன் சூப்பும் ரெடிமேட் பிஸ்கட் மாவும் (நம்ம டீ பிஸ்கட் இல்லை, அமெரிக்கால மெத்துன்னு பன் மாதிரி இருக்குமே அது) போட்டுப் பண்றவங்களும் இருக்காங்க. டின் சூப்புல மாவுச்சத்து சேத்தே வருது, அதனால திரியாது. உப்பு மட்டும் பாத்துக்கணும். எனக்குப் பிடிக்காது, ஆனா வேலை நாள்ல யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

பசியோட வர்றவன்:

அப்டேட்!! நேத்து பண்ணேன்.

தொடைக்கறி, அடியில கேரட், வெண்ணெய்ல வதக்குன வெங்காயம், எல்லாம் சொன்ன மாதிரியே. லோ ஆறு மணி நேரம், அப்புறம் வார்ம். வந்து திறந்தா சிக்கன் ஃபோர்க் பட்டதும் விட்டுக் குடுத்துடுச்சு. க்ரீம் ஊத்துறப்ப கை நடுங்குச்சு, ஒரு பொடி கூட திரியலை, கரண்டியோட பின்பக்கத்துல வழவழன்னு ஒட்டி நிக்குது, விரலால கோடு போட்டா கோடு அப்படியே இருக்கு. அஞ்சு அம்பதுக்குத்தான் ஓரத்துல குமிழி வந்துச்சு, பதினோரு டம்ப்ளிங் போட்டேன். மூடியைத் திறக்காம இருக்கறதுக்குன்னே பசங்களை வெளிய கூட்டிட்டுப் போய் நடந்துட்டு வந்தேன், சத்தியமா. கண்ணாடி மூடில துணி கட்டுனதால எட்டிப் பாக்கவும் முடியலை, அது ஒரு வகைல நல்லது.

நாப்பது நிமிஷம் கழிச்சு திறந்தா சூப்பே தெரியலை, மேல முழுக்க வெள்ளை மேகம் மாதிரி உப்பி ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டு நிக்குது. பிட்டா உள்ள பஞ்சு, அடியில மட்டும் சூப்பு ஊறி பதமா. சின்னவன் மூணு டம்ப்ளிங் சாப்ட்டான், சூப்பை விட்டுட்டான், அது வேற விஷயம்.

ஒரே குறை, உப்பு தூக்கல். காலைல ஸ்டாக் ஊத்தறப்ப ருசி பாத்துதான் போட்டேன், அப்ப சரியா இருந்துச்சு. அப்புறம் மிச்சம் இருக்கு, அதை நாளைக்கு அப்படியே ஸ்லோ குக்கர்ல சூடு பண்ணலாமா?

சளி பிடிச்ச சமையல்காரி:

சூப்பர்ப்பா!

ஸ்லோ குக்கர்ல மறுசூடு வேணாம், ரொம்ப மெதுவா சூடாகும். ராத்திரியே ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆழம் கம்மியான டப்பால ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும், மூணு நாலு நாளைக்குள்ள காலி பண்ணிடுங்க. அடுப்புல சின்ன தீயில, நல்லா ஆவி பறக்கற வரைக்கும். ஃப்ரீசர்ல வைக்காதீங்க, க்ரீம் பிரிஞ்சுடும். ஃப்ரீஸ் பண்ணணும்னா க்ரீம் ஊத்தறதுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சுக்கணும்.

மாவுக்கை:

உப்புக்குக் காரணம் ஸ்டாக்குதான், கடைல விக்கற ஸ்டாக் க்யூபைக் கரைச்ச ஸ்டாக்கா இருக்கும் பாருங்க, அதுலயே பாதி உப்பு. காலைல உப்பே போடாதீங்க, க்ரீம் ஊத்துன பிறகு ருசி பாத்துப் போடுங்க, டம்ப்ளிங் மாவுலயும் உப்பு இருக்குன்னு மனசுல வச்சுட்டு.

மிச்சத்துக்கு ஒரு டிப்ஸ், டம்ப்ளிங்கைத் தனி டப்பால எடுத்து வைங்க. சூப்புலயே கிடந்தா ராத்திரி முழுக்கக் குடிச்சுட்டு காலைல சூப்பே இருக்காது, வெறும் மாவுதான் இருக்கும். அப்படி ஆயிடுச்சுன்னா உப்பில்லாத ஸ்டாக் அரை கப் ஊத்தி இளக்குங்க, நேத்து தூக்கலா இருந்த உப்பும் சரியாயிடும்.

பசியோட வர்றவன்:

ஐயோ, ஒண்ணாத்தான் வச்சிருக்கேன். இப்பத்தான் போய்ப் பாத்தேன், கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது. ஸ்டாக் கரைக்கப் போறேன்.